அரியக்குடியார் அமைத்த அரங்கு

எமது சங்கத்தின் கலைவிழா மேடையில் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததொன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். பண்ணிசைப் போட்டிக்கு வந்த சிறுவன் ஒருவன், வீட்டில் நூறுமுறை பிழையின்றிப் பாடிய பதிகத்தை, மேடையில் இரண்டாம் அடியிலேயே மறந்து நின்றான். மறுபடியும் தொடங்கினான், மறுபடியும் அதே இடத்தில் நின்றான். கண்கலங்கி இறங்கிப்போனான். முன்வரிசையில் இருந்த பெரியோருள் சிலர், இவன் மேடைக்கு உகந்தவனல்லன் என்று தமக்குள் முணுமுணுத்துக்கொண்டோம். அச்சொல் அவன் காதில் விழுந்ததைப் பின்னரே அறிந்தோம். அன்று தொட்டு அவன் பாடுவதை விட்டுவிட்டான்.

அச்சிறுவன் பயிலாமல் வந்தவனல்லன், பயின்றுதான் வந்தான். ஆயின் மேடைக்கென்று பயில வேண்டியதை அவனுக்கு நாம் கற்பிக்கவில்லை. பாட்டைப் பயில்வது ஒன்று. பலர் முன்னிலையில் பாடுவதற்குத் தன்னைப் பயிற்றுவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருங்கே அறிந்து, அவ்வறிவைத் தென்னாட்டு இசையரங்கு முழுமைக்கும் ஒரு வழக்கமாகவே ஆக்கித் தந்து சென்ற பெரியார் ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுதத் துணிந்ததற்குக் காரணம் இதுவே. அவர்தாம் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார்.

கச்சேரி என்றதும் நம் பிலிமத்தலாவை அன்பர்களுக்குக் கண்டிக் கச்சேரியும் அங்கே கால்கடுக்க நிற்கும் வரிசையும் நினைவுக்கு வரலாம். நாம் ஈண்டுச் சொல்ல வந்தது இசைக் கச்சேரி. ஆயினும் ஒழுங்கில்லாவிடில் இரண்டிலும் காத்திருப்போர் களைத்துப்போவர் என்பது மட்டும் பொதுவானது.

பிறப்பும் குருகுலமும்

காரைக்குடியை அடுத்துள்ள சிற்றூர் அரியக்குடி. தென் திருப்பதி என்று போற்றப்படும் திருவேங்கடமுடையான் கோயில் அங்குள்ளது. அவ்வூரில் 1890ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் இராமானுஜ ஐயங்கார் பிறந்தார். அச்சீமை நமக்கு அந்நியமானதன்று. கடல்கடந்து இலங்கை வந்து வாணிகம் செய்து, கொழும்புச் செட்டியார் தெருவில் கதிரேசன் கோயில்களை எழுப்பிய நாட்டுக்கோட்டை நகரத்தாரின் தாயகம் அது. கோயில் திருப்பணியில் ஈடுபட்டது போலவே சங்கீதத்தையும் அவர்கள் ஆதரித்தார்கள். அவர்களது கலியாணங்களும் கோயில் விழாக்களும் அக்கால வித்துவான்களுக்கு வாய்த்த பெரிய அரங்குகளாக விளங்கின.

இளமையில் புதுக்கோட்டை மலையப்ப ஐயரிடமும், பின்னர் நாமக்கல் நரசிம்ம ஐயங்காரிடமும் இசை பயின்ற அவர், அதன்பின் பூச்சி சீனிவாச ஐயங்கார் என வழங்கப்பெற்ற இராமநாதபுரம் சீனிவாச ஐயங்காரை அடைந்து, பல ஆண்டுகள் குருகுலவாசம் செய்தார். பூச்சி ஐயங்கார் பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் மாணவர். பட்டணம் சுப்பிரமணிய ஐயர் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரின் மாணவர். வேங்கடசுப்பையரோ தியாகராஜ சுவாமிகளிடம் நேரே பயின்றவர். ஆகவே சுவாமிகளிடமிருந்து எண்ணிவரின், சீடர் வரிசையில் நான்காம் தலைமுறையில் நின்றவர் அரியக்குடியார்.

குருகுலவாசம் என்பது யாது? இன்று போல வாரத்தில் ஒருமணி நேரம் சென்று ஒரு கீர்த்தனையை எழுதிக்கொண்டு வருவதன்று. குரு சாதகம் செய்யும்போது உடனிருந்து கேட்க வேண்டும். அவர் மாணவருக்குச் சொல்லும்போது கேட்க வேண்டும். கச்சேரிக்குப் போகும்போது தம்புராவைச் சுமந்துசென்று, பின்னால் அமர்ந்து, சுருதி சேர்த்து மீட்டிக்கொண்டே கேட்க வேண்டும். வாய் பாடுவதிலும் பன்மடங்கு செவி பாடும். குரு ஓர் இராகத்தை எங்கே தொடங்கினார், சபை எப்போது அசைந்தது, எப்போது சலித்தது, குரல் கட்டியபோது எவ்வாறு சமாளித்தார் என்பனவெல்லாம் எந்த ஏட்டிலும் எழுதப்படாத பாடங்கள். இவற்றை மாணவன் மேடையிலேயே, ஆனால் பாடும் பொறுப்பு தன் தலைமேல் இல்லாத நிலையில், கற்றுக்கொண்டான். மேடை அவனுக்குப் புதிய இடமாகவே இருக்கவில்லை. எமது சிறுவனுக்கு இல்லாதுபோனது இதுவே. அவன் மேடையைக் கண்ட முதல்நாளே அவன் சோதிக்கப்பட்ட நாளாகவும் அமைந்துவிட்டது.

சாதகத்தின் இரகசியம்

சரளி வரிசை, சண்ட வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று படிப்படியாக ஏறுவது நம் சங்கீதப் பயிற்சி முறை. புரந்தரதாசர் வகுத்ததாகப் போற்றப்படும் இம்முறையில் ஒரே வரிசையை முதற்காலம், இரண்டாங் காலம், மூன்றாங் காலம் என மூன்று வேகங்களில் பாடுகிறோம். மெதுவாகப் பாடும்போது ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் நிற்கிறதா என்று செவி சோதிக்கிறது. விரைவாகப் பாடும்போது அச்சோதனை மறைந்து, பழக்கம் வேலை செய்கிறது. மெதுவான காலத்தைத் தாண்டி விரைவுக்குப் பாய்கிறவன் தன் பிழைகளையே பழக்கமாக்கிக்கொள்கிறான். பலமுறை பாடுவதே சாதகமென்று நாம் எண்ணுகிறோம். அதுவன்று. எந்த இடத்தில் பிழைக்கிறது என்று கண்டு அவ்விடத்தைத் திருத்துவதே சாதகம்.

இதனை மேனாட்டு உளவியலறிஞரும் அளந்து பார்த்திருக்கின்றனர். அண்டேர்ஸ் எரிக்சன் என்னும் சுவீடன் தேசத்து அறிஞரும் அவர்தம் துணைவர் இருவரும் பேர்லின் இசைக் கல்லூரி ஒன்றிலே வயலின் மாணவரை ஆராய்ந்து 1993ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மிகச் சிறந்த மாணவர் 20 வயதை எட்டுமுன் சராசரியாக 10,000 மணி நேரத்துக்கு மேல் தனித்திருந்து பயின்றிருந்தனர். இந்த எண்ணைப் பலரும் ஒரு மந்திரம் போல ஓதத் தொடங்கினர். ஆயின் அக்கட்டுரையிலே கவனிக்கத்தக்கன வேறு இரண்டு. ஒன்று, அம்மாணவர் இடையிடையே ஓய்வெடுத்து, பகுதி பகுதியாகவே பயின்றனர். மற்றொன்று, அவர்கள் நன்றாக உறங்கினர். பகலிலும் சிறிது கண்ணயர்ந்தனர். மனம் களைத்தபின் செய்யும் சாதகம் வெறும் சத்தமே. பயிற்சி ஒன்றே எல்லாமாகிவிடாது என்று பின்வந்த ஆய்வாளர் திருத்தியதும் உண்மை. எனினும், கவனத்தோடு செய்த பயிற்சியின்றி எவரும் மேலேறியதில்லை என்பதை அவர்களும் மறுத்தாரல்லர்.

தன்னை அறிந்த வித்துவான்

1920களில் அரியக்குடியார் தமிழகத்தின் முன்வரிசை வித்துவான்களுள் ஒருவராகிவிட்டார். செம்பை வைத்தியநாத பாகவதரின் கம்பீரமான வெண்கலக் குரலை நாம் அறிவோம். பின்னர் வந்த ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் மின்னல் வேகப் பிருகாக்களையும் அறிவோம். அரியக்குடியாரின் பெருமை அவ்வகையினதன்று. அவர் தம் குரலுக்கு எது இயல்பு என்பதை அறிந்து, அதனுள்ளேயே நின்றார். மிகத் தாழ்ந்தும் இழுக்காமல், மிக விரைந்தும் ஓடாமல், மத்தியம காலம் என்னும் நடுவேகத்தைத் தம் இல்லமாக்கிக்கொண்டார். இராக ஆலாபனையைச் சுருக்கமாகச் செய்தார். ஆனால் அந்தச் சுருக்கத்திலேயே இராகத்தின் முழு உருவமும் கேட்பவர் முன் வந்து நிற்கும். வியப்பூட்டுவதற்காகத் தம் எல்லையை மீறுவது அவர் வழக்கமன்று. தம்மால் இயலுவதை எந்நாளும் குறைவின்றிச் செய்வதே அவர் கொண்ட நெறி.

மேடை அச்சத்துக்கு இதனினும் நல்ல மருந்து வேறில்லை. நம்மிற் பலர் மேடையில் நடுங்குவது நம்மால் இயலாததைச் செய்துகாட்ட முற்படுவதனாலேயே. இன்னொருவரின் குரலைப் போலப் பாட முயல்கிறோம். போட்டிக்கென்று நம் வயதுக்கு மிஞ்சிய உருப்படியைத் தேர்ந்துகொள்கிறோம். வேகத்தாற் புகழ்பெற்ற ஜி. என். பி. அவர்களே அரியக்குடியாரைத் தம் மானசீக குருவாகக் கொண்டார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அவர் தம் குருவின் குரலைப் பின்பற்றினாரல்லர். தன்னை அறிதல் என்ற குணத்தையே பின்பற்றினார்.

கச்சேரிக்கு ஓர் ஒழுங்கு

நிற்க. அரியக்குடியாரின் பெயர் நிலைத்திருப்பது அவர் அமைத்த கச்சேரிப் பத்ததியாலே. அவருக்கு முந்திய தலைமுறையில் ஒரு பெரிய இராகமும் தானமும் பல்லவியுமே அரங்கின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். அரண்மனைகளிலும் பெருந்தனக்காரர் மாளிகைகளிலும் இலக்கணம் அறிந்த சிலர் கூடிக் கேட்ட நாளில் அது பொருத்தமாயிருந்தது. நகரங்களிலே சபைகள் தோன்றின; பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்து, மாலையில் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தமரும் பலதரப்பட்ட மக்கள் கேட்போராயினர். அவர்கள் மனம் ஒரே பல்லவியில் இரண்டு மணி நேரம் நில்லாது. இதனை அரியக்குடியார் உணர்ந்தார். புதிய ஒழுங்கின் வித்துக்கள் முன்னையோரிடத்தும் இருந்தன. அவற்றை ஒன்றுசேர்த்து, மேடைதோறும் பாடிக்காட்டி, நிலைநிறுத்தியவர் அவரே.

அவ்வொழுங்கு இது. முதலில் ஒரு வர்ணம். அடுத்து விறுவிறுப்பான சிறிய கிருதிகள் சில. பின்னர் நடுத்தர விரிவுள்ள உருப்படிகள். அதன்பின் ஆலாபனை, நிரவல், கற்பனை சுரம் எல்லாம் அமைந்த பெரிய உருப்படியும், மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனமும். இராகம் தானம் பல்லவிக்கும் இடமுண்டு. ஈற்றில் பதம், ஜாவளி, தில்லானா, திருப்புகழ், விருத்தம் முதலிய துக்கடாக்கள். மங்களத்தோடு முடிவு.

இதைப் பாடுவோன் பக்கமிருந்து பாருங்கள். வர்ணம் குழந்தைப் பருவத்திலிருந்து ஆயிரம் முறை பாடிப் பழகியது. நினைவைத் தேட வேண்டியதில்லை. இரண்டு காலத்திலும் அதைப் பாடும்போது குரல்நாண்கள் சூடேறுகின்றன, மூச்சு சீராகிறது, வயலின்காரரும் மிருதங்கக்காரரும் தம் வழியில் சேர்ந்துகொள்கின்றனர். பாடகர் மிகவும் அஞ்சியிருக்கும் முதற் பத்து நிமிடத்தில், மிகவும் பழகிய உருப்படி அவர் கையில் இருக்கிறது! விறுவிறுப்பான சிறு கிருதிகள் முடிவதற்குள் சபை கைதட்டி விடுகிறது. நெஞ்சுக்கு உரம் வருகிறது. குரல் நன்றாகப் பதமான பின்னரே கடினமான பகுதி வருகிறது. களைப்பு வரும்வேளையில் இலகுவான துக்கடாக்கள் காத்திருக்கின்றன.

கேட்போர் பக்கமிருந்தும் பாருங்கள். வெளியுலக நினைவோடு வந்த மனத்தை வர்ணமும் சிறு கிருதிகளும் உள்ளே இழுக்கின்றன. மனம் ஒருமைப்பட்டபின் பெரிய இராகம். சிந்தித்துக் கேட்டபின் இளைப்பாறத் தமிழ்ப் பாடல்கள். இலக்கணம் அறிந்தவரும் மனநிறைவோடு வீடு செல்வர். அறியாதவரும் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு செல்வர். இன்றைக்கும் கருநாடக இசையரங்கு பெரும்பாலும் இந்த ஒழுங்கிலேதான் நடக்கிறது.

அச்சம் என்பது யாது?

உளநூல் இதற்கு என்ன சொல்கிறது? பலர் நம்மை நோக்கும்போது உடல் அதனை ஓர் ஆபத்தாகக் கொள்கிறது. சிறுநீரகத்தின் மேலமர்ந்துள்ள சுரப்பிகள் அட்ரினலினைச் சொரிகின்றன. நெஞ்சு படபடக்கிறது; வாய் உலர்கிறது; விரல் குளிர்கிறது; மூச்சு மேலோடுகிறது. வீணைக்காரருக்கு விரலிலும் பாடுவோருக்கு மூச்சிலும் இத்துன்பம் வெளிப்படுகிறது. இது கோழைத்தனமன்று. புலியைக் கண்டு ஓடுவதற்கென்று உடல் பெற்ற ஆற்றலே இது. எவ்வளவு பயின்றவருக்கும் வரும்.

வந்த அச்சத்தை அடக்கு அடக்கு என்று தன்னையே அதட்டுவதனால் அது பெரும்பாலும் அடங்குவதில்லை. அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பாடுமுன் தாம் கலக்கமுற்றிருப்பதாகச் சொல்லிக்கொண்டோரை விட, உற்சாகமுற்றிருப்பதாகச் சொல்லிக்கொண்டோர் திருத்தமாகப் பாடினர். நெஞ்சின் படபடப்பு இருவர்க்கும் ஒன்றே; அதற்கு இட்ட பெயர்தான் வேறு. மூச்சை மெல்ல உள்ளிழுத்து, இழுத்ததினும் நீண்டநேரம் வெளிவிட்டால் படபடப்புத் தணியும். சாதகத்துக்கு அமருமுன் ஓங்காரம் சொல்லச் சொன்ன நம் பாட்டன்மார் இதனை வேறு வழியால் அறிந்திருந்தனர்.

நினைவு தப்புவதற்கும் காரணமுண்டு. ஒரு பாட்டை எப்போதும் முதலிலிருந்து முடிவுவரை ஒரே ஓட்டமாகப் பாடிப் பழகியவனுக்கு அது ஒரு சங்கிலி போன்றது. ஒரு கண்ணி அறுந்தால் முழுவதும் நழுவும். இடையில் எந்த அடியிலிருந்தும் எடுத்துப் பாடப் பழகியவனுக்கு அது பல வாயில்கள் உள்ள வீடு போன்றது. ஒரு கதவு அடைத்தால் மறுகதவால் நுழைவான். நிரவல் பாடுவோர் ஓர் அடியை நடுவில் எடுத்துப் பலவாறு பாடுவதும், தாளத்தின் எந்த இடத்திலும் வந்துசேரப் பழகுவதும் இந்த ஆற்றலையும் வளர்க்கின்றன.

பிற்காலமும் புகழும்

1938ஆம் ஆண்டில் சென்னை மியூசிக் அக்காடமியின் மாநாட்டுக்குத் தலைமை வகித்துச் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார் அரியக்குடியார். 1952இல் சங்கீத நாடக அக்காடமியின் விருதும், 1958இல் இந்திய அரசின் பத்மபூஷண் விருதும் அவரை வந்தடைந்தன. ஆண்டாள் அருளிய திருப்பாவைப் பாசுரங்கள் முப்பதுக்கும் அவர் இசையமைத்தார். மார்கழி விடியலில் தமிழர் வாழுமிடமெங்கும் இன்று பாடப்படும் மெட்டுக்கள் பெரும்பாலும் அவர் தந்தவையே. சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளுட் பலவும் அவரமைத்த மெட்டிலே மேடையேறின.

பாலக்காடு மணி ஐயர் போன்ற மிருதங்க மேதை அவர் இசையைத் தலைமேற் கொண்டு போற்றினார். கே. வி. நாராயணசுவாமி, பி. இராஜம் ஐயர், மதுரை என். கிருஷ்ணன் முதலியோர் அவரிடம் பயின்று புகழெய்தினர். தாம் பூச்சி ஐயங்காரின் பின்னால் அமர்ந்து கற்றது போலவே தம் பின்னால் அமர்ந்து கற்கும் வாய்ப்பை மாணவருக்கு அவர் அளித்தார். 1967ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள், தமது 76ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். ஒலிப்பதிவுகளில் அவர் குரலை இன்றும் நாம் கேட்கலாம்.

நமக்கு என்ன?

அரியக்குடியும் சென்னைச் சபைகளும் எங்கே, பிலிமத்தலாவை எங்கே என்று சிலர் கேட்கலாம். நம் பகுதியில் சங்கீத ஆசிரியர் அரியர். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வகுப்புக்குப் போகப் பேருந்துக் கட்டணமும் ஒரு சுமை. உண்மையே. ஆயினும் சாதகம் என்றால் என்ன என்று காட்டுவோர் நம்மைச் சூழவே இருக்கின்றனர். கண்டி வீதியோரத்துப் பித்தளைத் தொழிலாளரைப் பாருங்கள். ஒரு குத்துவிளக்கின் விளிம்பில் எங்கே கோணியிருக்கிறதென்று கண்டு, அவ்விடத்தை மட்டும் தட்டித் திருத்துகிறார்கள். விளக்கு முழுவதையும் மீண்டும் மீண்டும் தட்டிக்கொண்டிருப்பதில்லை. அருகிலுள்ள எம்பெக்கை தேவாலயத்திலே மரச்சிற்பம் நிறைந்த மேளமண்டபம் இருக்கிறது. கதிர்காமத் தெய்வத்துக்குரிய அத்தலத்திலே சிங்களச் சகோதரர் தந்தைக்குப் பின் மைந்தராக மேளம் பயின்று வந்திருக்கின்றனர். சிறுவன் தந்தையின் அருகிருந்து கேட்டே வளர்கிறான். விழாக் கூட்டம் அவனுக்குப் புதிதன்று.

ஆகவே எமது இளைஞர்க்கு நாம் சொல்வன சில. நாடோறும் அரைமணி நேரமாயினும் தவறாது பயிலுங்கள். விழாவுக்கு முந்திய இரவில் ஐந்து மணி நேரம் பயில்வதிலும் இது மேலானது. நம் மலைநாட்டுப் பனிக்காலையில் எடுத்தவுடன் உச்சத்தில் பாடாதீர்கள். கீழ்ச்சுரங்களில் குரலை எழுப்பி, பின்னர் மேலே செல்லுங்கள். பிழைக்கும் அடியைத் தனியே எடுத்து மெதுவாகப் பாடுங்கள். கைப்பேசியில் பதிந்து கேளுங்கள். அது முகம்பாராது உண்மை சொல்லும் ஆசான். நடுவிலிருந்து தொடங்கிப் பழகுங்கள். முதலில் வீட்டாரிடமும், பிறகு கோயில் வெள்ளிக்கிழமைப் பூசையிலும், அதன்பின் பெருமேடையிலும் பாடுங்கள். மேடையில் முதலில் பாடுவது உங்களுக்கு மிகப் பழகியதாக இருக்கட்டும். பிழைத்தால் நில்லாது தாளத்தோடு தொடருங்கள்; அடுத்த அடி உங்களுக்காகக் காத்திருக்கிறது.

பெரியோர்க்கும் ஒரு சொல். அது எமக்கும் சேர்த்தே. அரியக்குடியாரைக் குரு போட்டி மேடையில் முதன்முதலாக ஏற்றிவிட்டுத் தீர்ப்புக் கூறவில்லை. பின்னால் அமர்த்தி, தம்புராவைக் கையில் கொடுத்து, ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தார். முன்வரிசையில் இருப்போரின் முகமும் ஒரு பக்கவாத்தியமே. அது சுருதி சேர்ந்திருந்தால் பாடும் பிள்ளையின் குரலும் நிற்கும்.

இவ்வாண்டு தொடக்கம் மாதந்தோறும் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, போட்டியின்றி, பரிசின்றி, எவரும் வந்து பாடக்கூடிய சிறிய கூடலொன்றை நடத்தச் சங்கம் தீர்மானித்திருக்கிறது. பிழைத்தால் மறுபடி பாடலாம். முன்னே சொன்ன சிறுவன் இப்போது வளர்ந்த இளைஞன். அவன் வீட்டுக்கு நாமே நேரிற் சென்று, அன்று முணுமுணுத்ததற்கு வருத்தம் தெரிவித்து அழைத்திருக்கிறோம். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சுருதிப் பெட்டியைத் துடைத்து வைத்துக் காத்திருக்கிறோம். எல்லாம் வல்ல இறைவன் திருவருள் கூட்டுவானாக.